ரத்தம் நின்ற பிறகும் பித்தப்பையை எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 63 வயது. 2013-இல் இதயத்தில் மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தார்கள். அன்று முதல் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், ஆஸ்பிரின் இரண்டும் சாப்பிடுகிறார். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்த ராத்திரி வலது விலாவுக்குக் கீழே வலி. கேஸ் என்று நினைத்து நான்தான் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் காய்ச்சலும் வரவே, பக்கத்து கிளினிக்கில் வலிக்கு ஒரு ஊசி போட்டு, சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் மாத்திரைகளை ஐந்து நாளுக்குக் கொடுத்தார்கள். ஆறாம் நாள் மலம் கறுப்பாகப் போய், பாத்ரூமிலேயே மயங்கி விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.9, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். 7-க்கு மேல், கண்ணில் மஞ்சள். எண்டோஸ்கோபியில் இரைப்பை சுத்தமாக இருக்கிறது, புண் இல்லை என்றார்கள். வயிற்று ஸ்கேனில் பித்தப்பையில் கல்லும் கசடும் என்று வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் சி.டி. எடுத்து, பித்தப்பைக்குள்ளேயே ரத்தம் கசிகிறது, அதற்குப் போகிற ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, தொடை வழியாகக் கம்பிச்சுருள் வைத்து அடைத்தார்கள். ரத்தம் நின்றுவிட்டது. மஞ்சள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இப்போது பித்தப்பையையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். சித்தப்பாவோ, "அதான் நின்னுடுச்சுல்ல, இதயம் வேற வீக், கத்தி வைக்க வேணாம், காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துக்கலாம்" என்கிறார். அசிட்ரோமை இனி தொடவே வேண்டாமாம். போதாததற்கு அறிக்கையில் ஹீமோபிலியா என்று எழுதியிருக்கிறது. அது பரம்பரை வியாதியாமே, என் பையனுக்கும் வருமா?
— ஒரு மகள், திண்டுக்கல்

பதில்: சகோதரி, முதலில் பையனைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் நினைக்கிற பரம்பரை நோய் ஹீமோஃபீலியா. ரத்தம் உறையத் தேவையான ஒரு பொருள் பிறவியிலேயே குறைவாக இருப்பது அது. அப்பாவுக்கு எழுதியிருப்பது ஹீமோபிலியா. ஆங்கிலத்தில் 'பைல்' (bile) என்றால் பித்தம். பித்தம் போகிற வழியில் ரத்தம் கலந்து வருவதற்கு அந்தப் பெயர், அவ்வளவுதான். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துகள், காதில் கேட்டாலும் வித்தியாசம் பிடிபடாது என்பதால் இந்தக் குழப்பம் பல குடும்பங்களுக்கு வருகிறது. இது பிள்ளைக்கோ பேரனுக்கோ போகிற நோய் இல்லை.

அடுத்து, நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை, அறிக்கைகளை முழுசாகப் படிக்கவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன்: மயக்க மருந்தை அவர் உடம்பு தாங்கும் என்று டாக்டர்கள் சொன்னால் பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது. ரத்தம் உறையாமல் இருக்கிற மருந்தையும் திரும்பத் தொடங்கத்தான் வேண்டும். சித்தப்பா அண்ணன் மேல் இருக்கிற பாசத்தில்தான் சொல்கிறார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் ரத்தம் நின்றதும் நோயும் முடிந்துவிட்டது என்று அவர் நினைக்கிறார் பாருங்கள், அது சரியில்லை. ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், இந்தப் பதிலை அவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

பித்தப்பையின் கழுத்தில் ஒரு கல் போய் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் பித்தம் வெளியே போக வழியில்லாமல் பை உப்புகிறது. உப்ப உப்ப அதன் சுவருக்கே ரத்த ஓட்டம் குறைந்து, உள்தோல் அங்கங்கே வெந்து உரிந்து புண்ணாகிறது. அந்தப் புண்ணில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் திறந்துகொள்ளும். சாதாரண ஆளுக்குக் கொஞ்சம் கசிந்து தானே நின்றுவிடும், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், கல்லீரல் சுருங்கிப் போனவர்கள், இவர்களுக்குத்தான் அது நிற்காமல் ஓடுகிறது. பித்தப்பை அழற்சியில் ரத்தக் கசிவு என்பது அபூர்வம், ஆனால் அது வருகிற ஆட்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

ஓமத் தண்ணீர் கொடுத்ததால் எதுவும் கெட்டுவிடவில்லை, அந்தக் குற்ற உணர்வை இன்றோடு விடுங்கள். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வலி என்றால் எந்த வீட்டிலும் கேஸ் என்றுதான் நினைப்பார்கள்.

என் கண்ணில் பட்டது அந்த ஐந்து நாள் மாத்திரைதான். மெட்ரோனிடசோல் மாத்திரை, அசிட்ரோமைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றுகிற வேலையைத் தடுத்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசினும் அந்த வரிசையில் வருவதுதான். அதாவது அப்பா தினமும் போட்டது அதே அளவு அசிட்ரோம், ஆனால் உடம்பில் அது கரையாமல் தேங்கிக்கொண்டே போனது. கூடவே ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார், அதனால் ரத்தம் உறையத் தேவையான, உணவிலிருந்து கிடைக்கிற வைட்டமின் கே குறைந்தது. பித்தநாளம் அடைத்து மஞ்சள் ஏற ஆரம்பித்ததும், குடலுக்குப் பித்தம் வராததால் சாப்பிட்ட கொஞ்சத்தில் இருக்கிற வைட்டமின் கே-யும் உறிஞ்சப்படாது. வலிக்குப் போட்ட ஊசி அநேகமாக டைக்லோஃபெனாக். அது, ரத்தம் உறைய உதவுகிற ரத்தத் தட்டுகளை வேலை செய்ய விடாது. ஏற்கெனவே ஆஸ்பிரின் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இத்தனையும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் ஐ.என்.ஆர். 7-க்கு மேல் போனதிலும், ரத்தம் நிற்காமல் ஓடியதிலும் ஆச்சரியம் இல்லை. உலோக மைட்ரல் வால்வு வைத்தவருக்கு அது 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும். கிளினிக்கில் கொடுத்தது பித்தப்பை அழற்சிக்கு நாம் எல்லோரும் எழுதுகிற மருந்துகள்தான். அசிட்ரோம் சாப்பிடுகிறார் என்ற ஒரு தகவல் அந்த மேஜைக்கு வந்து சேராமல் போயிருக்கலாம். இனி அப்பாவின் சட்டைப் பையில் "உலோக வால்வு, அசிட்ரோம் சாப்பிடுகிறார்" என்று எழுதிய ஒரு அட்டை எப்போதும் இருக்கட்டும். எந்த ஆன்டிபயாடிக் தொடங்கினாலும் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள். வலிக்கு பாரசிட்டமால் போதும், அதையும் முழு அளவில் நாள்கணக்கில் போட்டால் ஐ.என்.ஆர். ஏறும் என்பது நினைவிருக்கட்டும்.

எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியவில்லையே, அப்படியென்றால் முதலில் தப்பாகப் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். இல்லை. கறுப்பு மலம் வந்தால் முதலில் இரைப்பையில்தான் தேட வேண்டும், நானும் அதைத்தான் செய்திருப்பேன். பித்தப்பையில் கசிகிற ரத்தம் பித்தநாளம் வழியாக இறங்கி, முன்சிறுகுடலின் உள்பக்கச் சுவரில் இருக்கிற ஒரு சின்ன வாய் வழியாகக் குடலுக்குள் விழுகிறது. வழக்கமான எண்டோஸ்கோப்பின் கேமரா நேராகப் பார்ப்பது. பக்கவாட்டில் திரும்பியிருக்கிற அந்த வாய் அதில் நன்றாகத் தெரியாது, அதற்கென்றே பக்கவாட்டில் பார்க்கிற வேறொரு ஸ்கோப் இருக்கிறது. போதாததற்கு இந்த ரத்தம் விட்டுவிட்டுத்தான் வரும். நடுவில் ஒரு ரத்தக் கட்டி வந்து வழியை அடைத்தால் வெளியே ஒரு சொட்டுகூட வராது, அடைத்த கட்டியே வலியையும் மஞ்சளையும் கொண்டுவரும், கட்டி கரைந்ததும் மறுபடி கறுப்பு மலம். வலி, மஞ்சள், ரத்தப்போக்கு என்று இந்த மூன்றையும் 1871-லேயே ஹைன்ரிஹ் குவின்கே என்ற ஜெர்மன் மருத்துவர் சேர்த்து எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் படிக்கிறோம். ஆனால் மூன்றும் ஒன்றாக வருகிற நோயாளிகள் பாதிகூட இருக்க மாட்டார்கள். அப்பாவுக்கு மூன்றும் வந்திருக்கிறது, ஒரே நாளில் வராமல் ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக வந்ததால் சேர்த்துப் பார்ப்பது கஷ்டமாகிவிட்டது.

ஸ்கேனில் கசடு என்று வந்ததைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதே இடத்தில் நானே தவறியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் நோயாளி ஒருவர் வலது மேல்வயிற்று வலியோடு சாயங்காலம் வந்தார். அல்ட்ராசவுண்டில் பித்தப்பை நிறைய சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. கசடு என்று அறிக்கை வந்தது, நானும் சரி என்றேன், ஆன்டிபயாடிக் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனேன். கசடாக இருந்தால் நோயாளியை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால் மெதுவாகச் சரிந்து தாழ்வான பக்கம் இறங்கும். ரத்தக் கட்டி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அன்று யாரும் அவரைத் திருப்பிப் பார்க்கவில்லை, நானும் திருப்பிப் பார்க்கச் சொல்லவில்லை. காலையில் ஹீமோகுளோபின் இரண்டு புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தது. அவசரமாகத் திறந்து எடுத்து, டிரேயில் வைத்து வெட்டியபோது நாவல் பழ நிறத்தில், பித்தப்பையின் அச்சு அப்படியே பதிந்த ஒரே கட்டி வந்தது, விரலால் பிரித்தால் நடுவில் மூன்று சின்னக் கற்கள். அவர் பிழைத்தார். ஆனால் அந்த ஒரு ராத்திரியை அவர் இழந்திருக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு, ரத்தம் உறையாத மருந்தில் இருக்கிற யாருக்காவது பித்தப்பையில் கசடு என்று வந்தால் நான் அதைக் கசடு என்று எடுத்துக்கொள்வதே இல்லை, ஹீமோகுளோபினை மறுபடி பார்த்து, சிறுநீரகம் இடம் கொடுத்தால் அன்றே சி.டி.க்கு அனுப்பிவிடுவேன்.

சி.டி.யில் ஏன் தெரிகிறது என்றால் அதில் அடர்த்தியை எண்ணாகவே அளக்க முடியும். தண்ணீர் 0 என்று வைத்தால் சாதாரணப் பித்தம் 20-க்குள் நிற்கும், புது ரத்தம் 30-க்கு மேலே போகும், கட்டியாக உறைந்தால் இன்னும் ஏறும். முதலில், ரத்தக்குழாயைப் படத்தில் காட்டுகிற மருந்தை ஏற்றாமல் ஒரு முறை, பிறகு நரம்பில் அந்த மருந்தை ஏற்றித் தமனிக்குள் அது ஓடுகிற நேரத்தில் ஒரு முறை, கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை எடுப்பார்கள். முதல் படத்தில் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி இரண்டாவதில் பித்தப்பைக்குள் தோன்றி மூன்றாவதில் பரவினால், அந்த நிமிடமே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். (முந்தின நாள் ஆஞ்சியோ எதுவும் செய்து மருந்து ஏற்றியிருந்தால் அதுவே பித்தப்பையில் சேர்ந்து ரத்தம் போலக் காட்டும், அதனால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.)

உங்கள் அப்பாவுக்கு ரத்தக்குழாய் புடைத்திருந்தது என்றது இதுதான்: அழற்சி பக்கத்தில் போகிற தமனியின் சுவரை அரித்துவிடுகிறது, பலவீனமான அந்த இடத்தில், சைக்கிள் டயரின் கிழிசல் வழியாக டியூப் பிதுங்குவது போல ரத்தம் பிதுங்கி ஒரு மொட்டு மாதிரி நிற்கிறது. எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை விட்டு, கல்லீரலுக்குப் போகிற தமனியைப் பிடித்து, அதிலிருந்து பித்தப்பைக்குப் பிரிகிற நூல் போன்ற கிளைக்குள் நுழைந்து கம்பிச்சுருளை வைத்து அடைத்திருக்கிறார்கள். நல்ல வேலை செய்திருக்கிறார்கள். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதுவும் வால்வு வைத்தவருக்கு நேராகக் கத்தி வைப்பதைவிட இது பல மடங்கு பாதுகாப்பு.

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அடைத்திருப்பது எந்தக் குழாயை? பித்தப்பைக்கு ரத்தம் கொண்டு போகிற முக்கியமான குழாயையே. ஏற்கெனவே வெந்துபோன பைக்கு இப்போது ரத்த ஓட்டமும் குறைந்துவிட்டது என்றால் அது அழுகிப் போகவும் ஓட்டை விழவும் வாய்ப்பு இருக்கிறது. உள்ளே கல் அப்படியே இருக்கிறது, அது மறுபடி கழுத்தில் போய் அடைக்கலாம். பையில் தங்கிய ரத்தக் கட்டியில் கிருமி பிடித்துச் சீழாகவும் மாறலாம். அடுத்து அசிட்ரோமைத் தொடங்கியே ஆக வேண்டும், அந்த நிலையில் மறுபடி ஒரு அழற்சி வந்தால் இதே ஆபத்து இதைவிட மோசமாகத் திரும்பும். அதனால்தான் உடம்பு ஓரளவு நிலைக்கு வந்த இந்தச் சமயத்தைப் பயன்படுத்தி எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். இதயத்தின் பம்ப் வேலை மிக மோசமாக இருக்கிறது, மயக்கமே கொடுக்க முடியாது என்று எக்கோ பார்த்து இதய டாக்டர் சொன்னால் மட்டும் வேறு வழி பார்க்கலாம். சீழ் சேர்ந்தால் வெளியிலிருந்து ஊசி வழியாகப் பித்தப்பைக்குள் ஒரு குழாய் வைத்து வடிப்பது அதில் ஒன்று. ஆனால் கட்டி அந்தக் குழாயையே அடைத்துவிடும், குழாய் வைக்கிற இடத்திலும் ரத்தம் வரலாம் என்பதால் முதல் தேர்வாக நான் அதைச் சொல்ல மாட்டேன். லேப்பராஸ்கோபியில் தொடங்கி நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் பயந்துவிடாதீர்கள், இவ்வளவு வெந்த பித்தப்பையில் அது சகஜம். சில சமயம் கழுத்துப் பகுதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுப்போம், பித்தநாளத்துக்குக் காயம் படக் கூடாது என்பதற்காக.

மஞ்சள் இன்னும் இருக்கிறது என்றீர்கள். பித்தநாளத்தில் ரத்தக் கட்டியோ கல்லோ இருக்கிறதா என்று ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள். இருந்தால் நான் சொன்ன பக்கவாட்டு ஸ்கோப் வழியாகவே வெளியே இழுத்துவிடலாம். கீழாநெல்லி வேண்டாம் சகோதரி. இது குழாயில் அடைப்பினால் வருகிற காமாலை, அடைப்பை எடுத்தால்தான் போகும். இலையை அரைத்துக் குடித்துக் காத்திருக்கிற நாட்களில் பித்தநாளத்தில் கிருமி ஏறிவிடும்.

அசிட்ரோமைத் தொடவே வேண்டாம் என்பது இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி. உலோக வால்வில், அதுவும் மைட்ரல் வால்வில், மருந்து இல்லாமல் விட்டால் ரத்தக் கட்டி பிடித்து வால்வின் இதழ் அசையாமல் நின்றுவிடலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் ஓடியபோது நிறுத்தியது சரி, அது சில நாட்களுக்கான ஏற்பாடு. கசிவு நின்றுவிட்டது என்று உறுதியானதும் வழக்கமாக ஹெபாரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கிற இன்னொரு மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொடங்குவோம். அதன் நல்ல குணம், நிறுத்தினால் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும், அவசரமென்றால் முறிக்க மருந்தும் உண்டு. அதனால் ஆபரேஷனுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பு நிறுத்தி, முடிந்து காயம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி தொடங்கி, பிறகு மெதுவாக அசிட்ரோமுக்கு மாறலாம். எந்த நாள், எந்த மணி என்பதை அறுவை டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இருவரும் பேசிவிட்டார்களா என்று நீங்கள் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஆஸ்பிரின் இனியும் கூடவே தேவையா என்பதையும் இதய டாக்டரிடம் கேளுங்கள். உலோக வால்வு என்பதற்காக மட்டும் அதைச் சேர்ப்பது இப்போது குறைந்து வருகிறது, இவ்வளவு ரத்தம் போனவருக்கு அதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றன, அதற்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். மற்றவர்களுக்குச் சரி, உலோக வால்வுக்கு ஆகாது. அவற்றில் ஒன்றான டபிகாட்ரானை உலோக வால்வு வைத்தவர்களிடம் சோதித்த ஆய்வில் கட்டி பிடிப்பதும் ரத்தப்போக்கும் இரண்டுமே அதிகமானதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள், 2013-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன.

வீட்டுக்கு வந்த பிறகு இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள், அதில் மலம் கறுப்பாகத்தான் போகும், பார்த்துப் பதறுவீர்கள். இரும்பினால் வருவது கரும்பச்சையாக, கெட்டியாக, வழக்கமான வாடையோடு இருக்கும். ரத்தம் என்றால் ரோடு போடுகிற தார் மாதிரி பளபளவென்று ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் சுலபத்தில் போகாது, அந்த நாற்றம் தனி, ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. அப்படி வந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, குளிர் காய்ச்சலோடு மஞ்சள் கூடினாலோ, வயிறு முழுக்கத் திடீரென்று வலித்துக் கல் போல இறுகினாலோ உடனே புறப்படுங்கள், ராத்திரி என்று பார்க்க வேண்டாம். வைட்டமின் கே இருக்கிறது என்பதற்காகக் கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு எவ்வளவோ அதே அளவை மாற்றாமல் சாப்பிடட்டும். இன்னொன்று. அமைதியான அறையில் அப்பாவின் மார்பிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, இத்தனை வருடமாக உங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது பழகியிருக்கும். அந்தச் சத்தம் மங்கினாலோ கேட்காமல் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ அது வால்வு சம்பந்தப்பட்ட அவசரம்.

பித்தப்பையை எடுத்ததும் அதைக் கட்டாயம் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பித்தப்பைப் புற்றுநோய் கங்கைக் கரை மாநிலங்களில் அதிகம், நம் பக்கம் குறைவுதான், ஆனால் அதுவும் சில சமயம் ரத்தக் கசிவாகவே தலை காட்டும். அறிக்கை கைக்கு வர ஒரு வாரம் போல ஆகும். வந்ததும் அதையும், டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும், அன்றைய ஐ.என்.ஆரையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.